கனியும் வித்தும்: நாம் அறிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

(நாகபுரி இரயில்வே குடியிருப்பில், சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இதற்கு முன்னர் உரையாற்றியவர்கள் புலவர்கள், பட்டம் பெற்றவர்கள். யாமோ மெட்ரிகுலேஷன் தேறிய கையோடு இரயில்வேயில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதி வருகிறோம். ஆரஞ்சுக் கூடைகளையும் மாதுளைப் பெட்டிகளையும் எண்ணி அனுப்பிய பழக்கமே அன்றித் தாவர நூலை முறையாகக் கற்றோமில்லை. அப்படியிருக்க, கனியையும் வித்தையும் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதி உண்டு. ஓர் இரவு, இச்சொற்களின் பொருள் தெரியாமல் மருத்துவர் முன் விழித்து நின்றோம். அதன் பின்னரே இவற்றைத் தேடிக் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தசரா விடுமுறையில் நடந்தது அது. குடியிருப்பின் பின்புறம், இருப்புப்பாதையை ஒட்டிய வேலியோரத்தில் எம் இளைய மகனும் அண்டை வீட்டுச் சிறுவர் இருவரும் மாலையில் விளையாடிக் கொண்டிருந்தனர். இரவு ஏழு மணிக்கு மூவருக்கும் ஒருசேர வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பணியிலிருந்த மருத்துவர் மராத்தியர், நிதானமானவர். "என்ன தின்றார்கள்?" என்று இந்தியில் கேட்டார். "ஏதோ காட்டுப் பழம்" என்றோம். "பழத்தின் சதையா? கொட்டையா? கொட்டைக்கு உள்ளிருப்பதா? எத்தனை?" என்று அவர் மேலும் மேலும் கேட்டார். எமக்கு ஒன்றும் தெரியவில்லை. "பல், பல்" என்று இந்தியில் பழத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தோம்.

அப்பொழுது அண்டை வீட்டு ஆச்சி, எழுபது வயதைக் கடந்தவர், ஒரு கிளையையும் சில காய்ந்த தோல்களையும் முந்தானையில் முடிந்து கொண்டு வந்து சேர்ந்தார். வேலியோரம் விளக்கோடு சென்று தேடி எடுத்து வந்தவை அவை. "தம்பி, பழத்தைத் தின்னல. காட்டாமணக்கு முத்தை உடைச்சு உள்ளே இருக்கிற பருப்பைத் தின்னிருக்கானுக. மூணு காயோட தோல் கிடக்கு. காய்க்கு மூணு முத்து. ரெண்டு முத்து உன் மகன் சட்டைப்பையில அப்படியே இருக்கு. அப்ப ஏழு முத்து வயித்துக்குள்ள போயிருக்கு" என்றார். ஆச்சி சொன்னதை இந்தியில் எடுத்துரைத்தோம். மருத்துவர் முத்தொன்றை உடைத்துப் பார்த்து, "மோகலி ஏரண்ட்!" என்றார். காட்டாமணக்கிற்கு மராத்தியில் அதுவே பெயர். சலைன் ஏற்றி இரவு முழுவதும் கண்காணித்தார். மூன்றாம் நாள் பிள்ளைகள் நலமுடன் வீடு திரும்பினர்.

அன்பர்களே! ஆச்சி பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்தவர் அல்லர். ஆயினும் காய், தோல், முத்து, பருப்பு என நான்கு சொற்கள் அவரிடம் இருந்தன. நான்கும் நான்கு வேறு பொருள்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய எம்மிடமோ 'பழம்' என்னும் ஒரு சொல்லே இருந்தது. அந்நான்கு சொற்களைச் சுற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் பூவிலிருந்து தொடங்குவோம். பூவின் நடுவே அடிப்பக்கம் பருத்த ஓர் உறுப்பு உண்டு. அதன் பெயர் சூற்பை. அதனுள் சிறு சிறு மணிகள்போல் இருப்பவை சூல்கள். மகரந்தம் சேர்ந்து கருவுற்றபின் சூற்பை கனியாகிறது, சூல் விதையாகிறது. இவ்வொரு வாக்கியத்தை மனத்தில் இருத்தினால் பாதி வேலை முடிந்தது. சூல் என்றால் கருப்பம் என்பதை நம் தாய்மார்கள் அறிவர். ஆகவே கனி என்பது தாய்வயிறு. விதை என்பது அதனுள் வளரும் பிள்ளை.

சூற்பையின் சுவரே கனித்தோல் ஆகிறது. இங்குத் தோல் என்றால் நாம் உரித்தெறியும் மேல்தோல் மட்டுமன்று. கனித்தோலுக்கு மூன்று அடுக்குகள்: வெளித்தோல், நடுத்தோல், உள்தோல். மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சீவுவது வெளித்தோல். நாம் சுவைக்கும் சதை நடுத்தோல். மாங்கொட்டையின் கட்டியான ஓடு உள்தோல். அவ்வோட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பே விதை. ஆக, மாங்கொட்டை முழுவதும் விதையன்று. கொட்டையின் ஓடு கனியைச் சேர்ந்தது, பருப்பே விதையைச் சேர்ந்தது. இத்தகைய கனியை உள்ளோட்டுச் சதைக்கனி என்பர். இலந்தையும் இவ்வினமே.

இப்பொழுது ஒரு வியப்பு. தேங்காயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே! மேலே பசுமையாகவோ செம்மஞ்சளாகவோ தோன்றும் மெல்லிய பரப்பு வெளித்தோல். கயிறு திரிக்கும் நாரைத் தரும் மட்டை நடுத்தோல். மாம்பழத்தில் சாறாகிய அடுக்கு இங்கே நாராகிவிட்டது. சிரட்டை உள்தோல். சிரட்டைக்குள் இருப்பதெல்லாம் விதை. தேங்காய்ச் சில்லின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புநிறப் படலம் விதையுறை. வெண்மையான பருப்பும் உள்ளிருக்கும் நீரும் குருத்துக்கான உணவு. இவ்வுணவுக்கு முளைசூழ்தசை என்று பெயர். மூன்று கண்களுள் மென்மையான ஒன்றின் அடியில் கரு உறங்குகிறது.

இனிப் புளியங்கொட்டைக்கு வருவோம். மாங்கொட்டைக்கும் புளியங்கொட்டைக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. புளியில் உடையும் ஓடு வெளித்தோல். நாம் கரைக்கும் புளி நடுத்தோல். கொட்டையைச் சுற்றிய தோல்போன்ற படலம் உள்தோல். எனவே புளியங்கொட்டை முழுமையான விதை. வறுத்தால் உரியும் செந்நிறத் தோல் அதன் விதையுறை. குழந்தைகள் மாங்கொட்டை ஒன்றையும் புளியங்கொட்டை ஒன்றையும் அருகருகே வைத்துத் தந்தையார் உதவியோடு பிளந்து பார்த்தால், இவ்வேறுபாட்டைப் பிறகு மறக்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பெருமையாகிய ஆரஞ்சைப் பார்ப்போம். நாகபுரி ஆரஞ்சு ஆண்டுக்கு இரு பருவங்களில் வருவதை நீங்கள் அறிவீர்கள். மழைக்காலம் கழிந்து வருவது ஆம்பியா பருவத்துக் காய். மாசி, பங்குனியில் வருவது மிருக் பருவத்துக் காய். தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்கும் எண்ணெய், வெளித்தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருவது. அடியிலுள்ள வெண்பஞ்சு நடுத்தோல். சுளையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு உள்தோல். அச்சவ்வின் உட்புறத்திலிருந்து மயிர்போல முளைத்துச் சாறு நிறைந்து பருத்தவையே நாம் உண்ணும் சாற்றுப் பைகள். கூடை கூடையாக ஏற்றி அனுப்பியும் இவ்வுண்மை எமக்கு நெடுநாள் தெரியாது.

மாதுளையிலோ கதை வேறு. அதில் நாம் உண்ணும் செம்முத்துகள் விதைகளே. விதையுறையின் வெளிப்பகுதி சாறு பிடித்துச் சிவந்திருக்கிறது. சுவைத்தபின் பல்லில் தட்டுப்படும் கடினமான பகுதி விதையின் எஞ்சிய பாகம். மாம்பழத்தில் கனியை உண்டு விதையை எறிகிறோம். மாதுளையில் கனித்தோலை எறிந்து விதையை உண்கிறோம்.

தக்காளி, கத்தரி, மிளகாய், கொய்யா, திராட்சை ஆகியவற்றில் ஓடுபோன்ற உள்தோல் இல்லை. சதைக்குள்ளேயே விதைகள் கிடக்கும். இவற்றைப் பெர்ரி வகைச் சதைக்கனிகள் என்பர். தக்காளி காயா, கனியா என்று பிள்ளைகள் சண்டையிடுவது உண்டு. இவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 1893-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், தாவரவியலின்படி தக்காளி கனியே ஆயினும், சுங்கவரிச் சட்டத்தைப் பொறுத்தவரை அது காய்கறியே என்று தீர்ப்பளித்தது. பார்சல் அலுவலகத்தார்க்கு இத்தீர்ப்பு நன்கு விளங்கும்!

தமிழர்க்கு இவ்வழக்கே எழுந்திருக்காது. ஏனெனில் நம் மொழி இதனை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், பாகற்காய் எனக் 'காய்' என்று முடிபவை எல்லாம் தாவரவியலின்படி கனிகளே. பழுக்குமுன் பறித்த கனிகள். நிலத்தடியில் விளைவதைக் கிழங்கு என்றோம். இலையைக் கீரை என்றோம். ஒரே வாழையில் வாழைப்பூ, வாழைக்காய், வாழைத்தண்டு என மூன்றையும் சமைத்து, மூன்றுக்கும் உறுப்பின் பெயரையே வைத்தோம். இந்தியில் 'சப்ஜி' என்ற ஒரு சொல்லில் இவை அனைத்தும் அடங்கிவிடுகின்றன. தமிழ்ப் பிள்ளை கடைக்குச் சென்று பெயரைச் சொல்லும்போதே, செடியின் எவ்வுறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறது. விதிவிலக்கும் உண்டு. சாதிக்காய் என்கிறோம், அது காயன்று, விதை. அதனைச் சூழ்ந்த செந்நிறப் போர்வையே சாதிபத்திரி.

தாய்மார்களின் அஞ்சறைப்பெட்டி ஒரு தாவரவியல் பள்ளிக்கூடம். கடுகும் வெந்தயமும் விதைகள். மிளகு, பழுக்குமுன் பறித்து உலர்த்திய முழுக்கனி. கொத்தமல்லியையும் சீரகத்தையும் விதை என்று எண்ணுகிறோம். அவை உலர்ந்த சிறு கனிகள். ஏலக்காய் கனி, உள்ளிருக்கும் ஏலரிசி விதை. அரிசியும் இவ்வாறே. நெல்லின் உமி பூவைச் சூழ்ந்திருந்த செதில். உமி நீங்கிய முழு அரிசி ஒரு கனி. கனித்தோலும் விதையுறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவையே தீட்டும்போது தவிடாகப் போகின்றன. எஞ்சிய வெண்மை முளைசூழ்தசை. கரு ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஆலையில் தீட்டும்போது அதுவும் தவிட்டோடு போய்விடுகிறது.

உலர்ந்த கனிகளுள் வெடிப்பவை உண்டு, வெடியாதவை உண்டு. முற்றிய வெண்டையும் ஆமணக்கும் எருக்கங்காயும் வெடிகனிகள். நிலக்கடலையைச் சிலர் வேர் என்று எண்ணுவர். அது பூ கருவுற்றபின் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி விளையும் காய். ஓடு கனித்தோல், செந்நிறத் தோல் விதையுறை, இரண்டாகப் பிளப்பவை வித்திலைகள், நடுவே மூக்குப்போல் ஒட்டிக்கொண்டிருப்பது முளை. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் இவ்வித்திலைகளே. முழுப்பயற்றை ஊறவைத்தால் முளைக்கிறது, உடைத்த பருப்பை ஊறவைத்தால் முளைப்பதில்லை, ஏன்? உடைக்கும்போது கரு சிதைந்துவிடுகிறது. பிள்ளைகள் இதனை இரண்டு கிண்ணங்களில் செய்து பார்க்கலாம்.

ஆகப் பருப்பு என்பதிலும் இரு வகை உண்டு. கடலையில் பருப்பு வித்திலை. தேங்காயிலும் ஆமணக்கிலும் பருப்பு முளைசூழ்தசை. இதனை எம் போன்ற இரயில்வேக்காரர் ஓர் உவமையால் நினைவில் வைக்கலாம். பயணம் புறப்படுமுன் வீட்டிலேயே வயிறார உண்டு ஏறுகிறவன் கடலை. கட்டுச்சோற்று மூட்டையோடு ஏறி வழியில் பிரித்து உண்பவன் ஆமணக்கு. எப்படியாயினும் வேரூன்றும் வரை தாய் கொடுத்த உணவே துணை.

ஒரு பூவில் ஒரு சூற்பை, அது ஒரு கனி என்றால் தனிக்கனி. சீத்தாப்பழத்தில் ஒரே பூவின் பல சூலிலைகள் தனித்தனியே பருத்து ஒன்றாய்ச் சேர்கின்றன, அது திரள்கனி. (இங்கு 'சீதாபல்' என்றால் நம் சீத்தாப்பழம், தில்லிக்கு மாற்றலாகிச் சென்றால் அங்கு 'சீதாபல்' பூசணியாகிவிடும். மாற்றலாகும் குடும்பத்தார் கவனிக்க!) பலாவிலோ பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமாகின்றன; அது கூட்டுக்கனி. நாம் உண்ணும் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவின் இதழ்வட்டம் பருத்தது. சுளைகளுக்கிடையே நார்நாராய்க் கிடப்பவை கருவுறாத பூக்கள்.

பொய்க்கனி என்றும் ஒன்றுண்டு. முந்திரிப்பழம் என்று நாம் உண்பது பூக்காம்பு பருத்தது. அடியில் தொங்கும் கொட்டையே மெய்யான கனி. ஆப்பிளிலும் நாம் உண்ணும் சதையில் பெரும்பகுதி சூற்பையைச் சேர்ந்ததன்று. எறியும் நடுப்பகுதியே சூற்பை. வாழையோ கருவுறாமலே கனிவது. பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாத சூல்கள். அதனால்தான் வாழையை விதைத்து வளர்ப்பதில்லை. கன்று வைத்து வளர்க்கிறோம். காட்டு வாழையில் மட்டும் கடினமான கருவிதைகள் உண்டு.

இச்சொற்களெல்லாம் பாடநூலார் புதிதாகக் கட்டியவை என்று எண்ண வேண்டா. தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும், அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் பிரித்து, அவற்றின் உறுப்புகளுக்குப் பெயர்களையும் அடுக்கிக் கூறுகிறது. தேவநேயப் பாவாணர் (1902-1981) தமிழின் சொல்வளத்தைக் காட்ட இத்தகைய சொற்களைத் தொகுத்தளித்தார். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. தென்னையின் பிஞ்சு குரும்பை. வாழையின் பிஞ்சு கச்சல். எள்ளின் பிஞ்சு கவ்வை. வேம்புக்கும் ஆமணக்குக்கும் முத்து. மாவுக்கும் பனைக்கும் கொட்டை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை. இவற்றுள் எத்தனையை நம் குடியிருப்புப் பிள்ளைகள் அறிவர்? எம் இல்லத்தில் வினவினோம். மாவடு ஒன்றே தெரிந்திருந்தது. அதுவும் ஊறுகாய்ச் சாடியின் உபயம்!

பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் இவற்றைக் கற்கட்டும்; வீதியில் இந்தியிலும் மராத்தியிலும் பேசட்டும். அவை வேண்டியவையே, அன்றிரவு இந்தி தெரிந்திராவிடில் ஆச்சி சொன்னதை மருத்துவரிடம் சேர்த்திருக்க முடியாது. ஆனால் சொல்வதற்கு முதலில் ஆச்சியின் தமிழ் இருக்க வேண்டியிருந்தது. வீட்டில் காய் நறுக்கும்போதும், பழம் உரிக்கும்போதும், பயறு ஊறவைக்கும்போதும் இவ்வொவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். தனி வகுப்பு வேண்டா.

முடிக்குமுன் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்புகளைச் சுற்றிக் காட்டாமணக்கு, ஆமணக்கு, மஞ்சள் அரளி, குன்றிமணி ஆகியவை தாமாகவும் வேலியாகவும் வளர்கின்றன. இவற்றின் விதைகள் நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் விதை இதயத்தையே தாக்கும். குன்றிமணியின் விதையுறை மிகக் கடினம். மென்று உடைத்தால் ஆபத்து பன்மடங்கு பெருகும். ஆகவே 'முழுங்கினானா, மென்றானா' என்ற கேள்வி வீண்கேள்வியன்று. குழந்தை எதைத் தின்றிருந்தாலும் காத்திருக்கலாகாது. நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் முயலலாகாது. எஞ்சிய காய், தோல், முத்து, இலை ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எதனை, எத்தனை, எப்பொழுது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அந்த ஆச்சி சென்ற ஆண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். புறப்படும் நாளில் புகைவண்டி நிலையத்தில் எம் மகன் அவரிடம் ஒரு காட்டாமணக்குக் காயைக் காட்டி, "இது காய், இது தோல், இது முத்து, உள்ளே பருப்பு, தின்னக் கூடாது" என்று வரிசையாக ஒப்பித்தான். ஆச்சி சிரித்துக்கொண்டே அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இனி உன் தங்கச்சிக்குச் சொல்லிக்குடு" என்றார்.

அவ்வளவே யாம் சொல்ல விரும்பியதும்.